பிறமொழிக் கல்வியும் மரபுரிமையும்

மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். அவருடைய மகள் கல்லூரிப் படிப்பை முடித்தவள். இப்பொழுது சீனமொழி கற்க விரும்புகிறாள். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. எல்லைப்புறத்தில் தமிழே தேய்ந்துவரும் நாளில், நமக்கு எவ்வகையிலும் உரிமையில்லாததும், நம் நாட்டோடு போர் செய்த நாட்டாருக்கு உரியதுமாகிய மொழியை ஒரு பெண் கற்பது முறையாகுமா என்று அவர் வினவுகிறார். பௌத்த அறம் இதற்கு என்ன விடை கூறுகிறது என்றும் கேட்டுள்ளார்.

இதனை ஒரு குடும்பத்தின் தனிச் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. அன்பரின் வினாவுக்குள் மூன்று ஐயங்கள் அடங்கியுள்ளன. பிறமொழி கற்றால் தாய்மொழி தேயுமா? நமக்கு உரிமையில்லாத மொழியை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பகைவர் மொழியைக் கற்பது தகுமா? இம்மூன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அன்பர் வாழும் நிலத்தின் நிலையை உணர்தல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தைத் தழுவினார். அதற்குப் பதினெட்டு நாட்கள் கழித்து, நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய வட்டங்களும் கேரளத்தைச் சேர்ந்தன. அன்று முதல் கோழிஞ்சாம்பாறையிலும் வட்டவடையிலும் வண்டிப்பெரியாற்றிலும் வாழும் தமிழர், தாம் பிறந்த மண்ணிலேயே சிறுபான்மையினர் ஆயினர். மலையாளத்தார் நடுவே அவர்கள் பிள்ளைகளுக்குப் 'பாண்டி' என்று பெயர். கிழக்கே மலையிறங்கித் தேனிக்கோ கோவைக்கோ வந்தால், பேச்சில் கலந்த ஓரிரு சொற்களுக்காக 'மலையாளத்தான்' என்று பெயர். இருபுறமும் அயலாராக எண்ணப்படுவோர் தம் மொழியை இறுகப் பற்றிக்கொள்வதில் வியப்பொன்றுமில்லை. ஆகலின் அன்பரின் அச்சத்தை யாம் எள்ளி நகையாடோம்.

இனி, சீனமொழியில் நமக்கு உரிமை ஏதும் இல்லை என்னும் கூற்றை முதலில் நோக்குவோம்.

கி.பி. 640-ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சிமாநகருக்கு வந்த யுவான் சுவாங் என்னும் சீனத்துறவி, தாயகம் மீண்டபின் 646-இல் தம் பயண நூலை முடித்தார். காஞ்சிக்குத் தெற்கேயுள்ள மலயகூட நாட்டைப் பற்றியும் அதில் எழுதியுள்ளார். அந்நாட்டு மலயமலையில் சந்தன மரங்கள் உண்டு என்றும், அவற்றைப் போன்ற பிற மரங்களினின்று அவற்றைப் பிரித்தறிய வேண்டுவோர் கோடையில் குன்றேறி நின்று எம்மரத்தைப் பாம்புகள் சுற்றியுள்ளன என்று பார்ப்பர் என்றும், மரத்தின் குளிர்ச்சியை நாடியே அவை சுற்றுகின்றன என்றும் குறித்துள்ளார். மலயம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு வழங்கிய பழம்பெயர். அம்மலைத் தொடரில் இன்று சந்தனக் காட்டினால் பெயர்பெற்றது இடுக்கி மாவட்டத்து மறையூர். யுவான் சுவாங் மறையூரையே சுட்டினார் என்று யாம் கூறவில்லை. அன்பர் தம் வாயிற்படியில் நின்று நாள்தோறும் காணும் மலைத்தொடரின் மணம் சீனநூலில் ஏறி 1300 ஆண்டுகளுக்கு மேலாயின என்பதே யாம் கூறுவது.

மலையும் மரமும் மட்டும் அங்குச் சென்று தங்கவில்லை. காஞ்சியில் ஓர் அமைச்சரின் மகனாகப் பிறந்த தருமபாலர், நாலந்தாப் பெரும்பள்ளியின் தலைவரானார். அவர் மாணவர் சீலபத்திரர்; சீலபத்திரரிடம் பாடங்கேட்டவர் யுவான் சுவாங். வசுபந்துவின் முப்பது செய்யுட்களுக்குத் தருமபாலர் வரைந்த உரை வடமொழியில் இன்று இல்லை. 659-இல் யுவான் சுவாங் பல உரைகளைத் தொகுத்துச் சீனத்தில் ஆக்கிய நூலில்தான் அவர் கருத்துக்கள் உயிர்வாழ்கின்றன. 720-ஐ ஒட்டிச் சீனநாட்டை அடைந்த வச்சிரபோதியைத் தென்னிந்தியாவின் மலய நாட்டார் என்றே சீனத்துறவியர் வரலாறு ஒன்று குறிக்கிறது. அவர் மொழிபெயர்த்த நூல்களும் சீனத்திலேயே உள்ளன. தமிழில் குண்டலகேசி அழிந்து சில செய்யுட்களே எஞ்சின. பிம்பிசார கதையும் மறைந்தது. நாம் இழந்ததைப் போன்ற செல்வங்கள் பலவற்றை அயலார் தம் மொழியில் பொதிந்து காத்து வைத்துள்ளனர். 1924 முதல் 1934 வரை தோக்கியோவில் அச்சான சீனத் திரிபிடகத் தொகுதிகள் நூறும் அதற்குச் சான்று. தம் பாட்டன் எழுதிய கடிதங்கள் அடுத்த வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதை அறிந்தவன், அவ்வீட்டின் மொழி எனக்கு வேண்டா என்பானாயின், இழப்பு எவருக்கு?

இவ்வாறு கூறியதனால், சீனம் நம் இரத்தத்தின் உரிமை என்று யாம் பெருமை பேசுவதாக எவரும் கொள்ளற்க. இரத்தம் மொழியைக் காப்பதில்லை. இதற்குச் சான்று வேண்டுவோர் தொலைவில் தேட வேண்டுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையும் மூணாறும் உள்ளன; வடக்கே எழுவது நீலமலை. அம்மலையில், நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் சீனக் குடியிருப்பு ஒன்று இருந்தது. மலாயா நீரிணைப் பகுதியிலிருந்து ஆங்கில அரசு கைதிகளாகக் கொண்டுவந்து சிங்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கிய சீனருள் சிலர், விடுதலைக்குப் பின் மலையிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்தனர். காய்கறி பயிரிட்டும், சிறிது காப்பி விளைத்தும், மாடு வளர்த்தும் நேர்மையாக வாழ்ந்தனர். சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களை நேரிற் கண்டு எழுதியுள்ளார். அப்பெண்கள் பறையர் குலத்தினர் என்றும் அவர் குறித்துள்ளார். இளமையில் நீலமலையில் வாழ்ந்த அயோத்திதாச பண்டிதர், 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, பூர்வ பௌத்தர் என்று எம்மக்களைச் சுட்டினாரோ அம்மக்களே அத்தாய்மார்.

அத்தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சீனமொழி தந்தைமொழி. ஆயினும் இன்று அம்மலையில் சீனம் பேசும் குடியிருப்பு எதுவுமில்லை. அவர்தம் வழியினர் தமிழரோடு தமிழராய்க் கலந்தனர். கற்பிக்கப் பள்ளியில்லை, பேசச் சுற்றமில்லை, மொழி மறைந்தது. அப்பிள்ளைகளைக் குற்றஞ்சாட்ட எவருக்கும் உரிமையில்லை. தாயின் மடியில் கிடைத்த மொழியில் அவர்கள் நிறைவாக வாழ்ந்தனர்.

இதற்கு மறுதலையாக மற்றொன்றையும் காண்க. 1937-இல் சாந்திநிகேதனத்தில் இரவீந்திரநாத தாகூரும் தான் யுன்-சான் என்னும் சீன அறிஞரும் சீன பவனத்தைத் தொடங்கினர். விசுவபாரதியில் பணிபுரிந்த தென்னாட்டு அறிஞர் என். ஐயாசாமி சாஸ்திரியார் சீனமொழியில் புலமை பெற்றார்; வடமொழியில் மறைந்துபோன பாவவிவேகரின் நூல் ஒன்றைச் சீன மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் வடமொழியில் ஆக்கி 1949-இல் வெளியிட்டார். அரிவர்மரின் சத்தியசித்தி சாத்திரத்தையும் அவ்வாறே மீட்டார். அவர் உடலில் சீன இரத்தம் ஒரு துளியும் இல்லை. ஆயினும் சீனம் காத்த செல்வத்துக்கு அவர் உரியவரானார்.

நீலமலைப் பிள்ளைகளுக்குப் பிறப்பு இருந்தது, மொழி இல்லை. சாஸ்திரியாருக்குப் பிறப்பு இல்லை; மொழி வந்தது. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். மரபு என்பது பிறப்பினால் தானே வந்து சேர்வதன்று. உழைத்துக் கற்பவனுக்கு உரியதாவது. இது மொழிக்கு மட்டுமன்று, நமக்கும் பொருந்தும். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை, செயலினாலேயே உண்டு என்று போதித்த ஆசிரியரைப் பின்பற்றுகிறோம் நாம். நாம் பூர்வ பௌத்தர் என்னும் வரலாற்று நினைவு நமக்கு ஊக்கந் தருவது; அதில் ஐயமில்லை. ஆனால் அந்நினைவை மட்டும் சொல்லிக்கொண்டு அறநூல் எதனையும் கல்லாதிருப்போமாயின், பிறப்பினாற் பெருமை பேசும் பழைய நோய்தான் புதிய உடையில் நம் வீட்டுக்குள் புகுந்ததாகும். அறத்தைக் கற்றுத் தழுவியதனால் பௌத்தரானோம். மொழியையும் கற்றே உரிமையாக்க வேண்டும்.

அடுத்துப் பகைவர் மொழி என்னும் ஐயம். 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இந்தியாவில் வாழ்ந்த சீனர் ஏறக்குறைய 3000 பேர் இராசபுதனத்துத் தேவளி முகாமில் அடைக்கப்பெற்றனர். அவருள் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர். போரோடு எத்தொடர்பும் இல்லாதவர். அதன்பின் பல குடும்பங்கள் கடல்கடந்து சென்றன. கொல்கத்தாவின் சீனப் பள்ளிகள் மாணாக்கரின்றி ஒடுங்கின. அந்நகரத்துக் கடைசிச் சீன நாளிதழும் 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தோடு நின்றது. 2019-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவில், பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்நாட்டு மொழிகளுள் சீனமும் இடம்பெற்றிருந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இருநாட்டு வீரர்களும் மோதி உயிரிழந்தனர். அடுத்த மாதம் வெளிவந்த இறுதிக் கொள்கையில் சீனத்தின் பெயரைக் காணோம். அரசுகளின் சினம் ஆண்டுதோறும் மாறும். ஒரு மொழியோ ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தாய்மார் தாலாட்டுவதற்கும் துறவியர் அறமுரைப்பதற்கும் கருவியாயிருப்பது. அரசின்மேல் கொண்ட சினத்தை மொழியின்மேல் ஏற்றுவது, கல்லெறிந்தவனை விட்டுக் கல்லைக் கடிப்பது போலாகும்.

தமிழும் சீனமும் ஒரே கல்லில் அமைதியாய் வீற்றிருந்த காலமும் உண்டு. சீனத்துத் துறைமுகமாகிய சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அதன் இறுதியில் சீன எழுத்து வரி ஒன்றும் உள்ளது. இலங்கைக் காலித் துறையில் 1911-இல் கண்டெடுக்கப்பெற்று இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள கல், 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. கடலோடித் தளபதி செங் ஹோ கொணர்ந்தது. அதில் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தைப் போற்றுகிறது. ஒன்றன் புகழ் மற்றொன்றின் எழுத்தை அழிக்கவில்லை.

இனி, முதல் ஐயத்துக்கு வருவோம். பிறமொழி கற்றால் தாய்மொழி தேயுமா? மச்சிம நிகாயத்து அரணவிபங்க சூத்திரத்தில் பகவர் இதற்கு ஒளி தரும் செய்தி ஒன்றைக் கூறுகின்றார். உண்கலம் ஒன்றே; அதனை ஒரு நாட்டார் பாதி என்பர், வேறொரு நாட்டார் பத்தம் என்பர், மற்றொருவர் சராவம் என்பர். எங்கள் சொல்லே மெய், ஏனையவை பொய் என்று பற்றிக்கொண்டு வழக்காடுவது சண்டைக்கு வித்து. அந்தந்த நாட்டில் அவரவர் சொல்லைப் பற்றின்றி வழங்குவது அமைதிக்கு வழி என்பது அதன் கருத்து. மூணாற்றில் இவ்வறத்துக்கு உவமை தேட வேண்டுவதில்லை. கொழுந்துக் கூடையிலேயே உள்ளது. தமிழர் தேயிலை என்கிறோம். மலையாளத்தார் சாயா என்கின்றனர். 'தே' என்பது சீனத்து ஃபூசியன் கடற்கரையாரின் பேச்சு. 'சா' என்பது அந்நாட்டின் பிற பகுதிகளின் பேச்சு. சீனத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. நாமும் அயலாரும் இருவேறாக எண்ணி வழங்கும் சொற்கள் ஒரே எழுத்தின் இரு ஒலிகள் எனின், எதற்காகப் பூசலிடுவது?

எல்லைப்புறத்துப் பிள்ளைக்குச் சீனமொழி முற்றும் புதிதன்று என்பதும் நோக்கத்தக்கது. சீனத்தில் காற்றுடன் ஒலிக்கும் வல்லெழுத்துக்களும் காற்றின்றி ஒலிக்கும் வல்லெழுத்துக்களும் வெவ்வேறு பொருள் தரும். தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு இவ்வேறுபாடு இடர்ப்பாடு. பள்ளியில் மலையாள நெடுங்கணக்கைக் கற்றவனுக்குப் பழக்கமானது. ஆங்கிலேயர் நாவுக்கு எளிதில் வாராத நம் ழகரத்தை ஒத்த ஒலி ஒன்றும் சீனத்தில் உண்டு. அண்டை வீட்டார் மொழியை வேண்டா வெறுப்பாகக் கற்ற பிள்ளைக்கும் அது சேய்மைநாட்டு மொழிக்குப் படியாகிறது. கற்ற எதுவும் வீணாவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிறமொழிக் கல்வி தாய்நாட்டுப் பற்றைக் குறைப்பதுமில்லை. பாகியான் என்னும் சீனத்துறவி 399-இல் புறப்பட்டு, பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டு தங்கி வடமொழி கற்றார். பின்னர் இலங்கையில் ஈராண்டு தங்கினார். ஆங்கு விகாரை ஒன்றில் புத்தர் திருவுருவின்முன் வணிகர் ஒருவர் வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீனத்து விசிறி. கண்டவுடன் அவர் கண்களில் நீர் பெருகிற்று என்று அவரே எழுதியுள்ளார். பத்தாண்டுக்கு மேல் அயல்மொழிகளிலேயே வாழ்ந்தவருக்குத் தாயகம் மறந்துபோகவில்லை. தாய்மொழி தேய்வது பிறமொழியைக் கற்பதனால் அன்று, தாய்மொழியைக் கல்லாமையால். கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுத இடமளித்தது. எழுதத் தெரிந்தவர் இல்லையெனில் அச்சட்டத்தால் ஆவதென்ன?

இத்துணையும் கூறியபின், பெண்ணுக்கும் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சீனம் எளிய மொழியன்று. 'மா' என்னும் ஓரசை, குரல் ஏற்றத்தாழ்வால் தாய் என்றும் சணல் என்றும் குதிரை என்றும் வைதல் என்றும் நான்கு பொருள் தரும். 1988-இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் வழக்கில் மிகுந்த எழுத்துக்களே 3500. அவற்றையெல்லாம் கற்றபின்னும் பழைய அறநூல்கள் விளங்கா. சங்கச் செய்யுள் போல அவற்றின் நடை வேறு. 1956-க்குப் பின் சீனத்தில் சுருக்கப்பெற்ற எழுத்துக்களன்றிப் பழைய வடிவங்களையும் பயிலவேண்டும். வேலைக்காகக் கற்பதானால் பேச்சுமொழி போதும்; அதுவும் குற்றமன்று, நேர்மையான பிழைப்பு எதுவும் இழிவன்று. அறநூலுக்காகக் கற்பதானால் பத்தாண்டு உழைப்புக்கு அணியமாகுக. 671-இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய இத்சிங், வழியில் ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி இலக்கணம் பயின்ற பின்னரே மேலே சென்றார். 695-இல்தான் தாயகம் திரும்பினார். விரைந்து கற்று விரைந்து பெருமைகொள்வோர்க்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம்.

மற்றொரு கடனும் உண்டு. அச்சீனத்துறவியர் தாம் கற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மூலத்தை ஓத, ஒருவர் பொருள் கூற, ஒருவர் எழுத, மற்றொருவர் ஒப்புநோக்க, ஓர் அவையே கூடியிருந்து தம் மக்கள் மொழியில் ஆக்கினர். எல்லோரும் சீனம் கற்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. லயத்து வீட்டில் இரு மொழிகளோடு போராடும் சிறு பிள்ளைகள்மேல் மூன்றாவது சுமையாக அதனை ஏற்றுவது இரக்கமாகாது. விரும்பிக் கற்பவர் ஒருவர் போதும். ஆனால் அவ்வொருவர் கற்றதில் ஒரு பக்கமேனும் நல்ல தமிழில் நமக்குத் திருப்பித் தருதல் வேண்டும். அதற்கு அவருக்கு நல்ல தமிழ் வேண்டும். ஆதலின் சீனம் கற்கும் பெண் தமிழை முன்னினும் மிகுதியாகக் கற்கவேண்டியவளாகிறாள்.

இறுதியாக அன்பருக்கு ஒரு சொல். தங்கள் கடிதத்தை யாம் பன்முறை படித்தோம். சீனத்தைப் பற்றிய அச்சத்தின் கீழே வேறோர் அச்சம் இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. மகள் மலையிறங்கிச் சென்றால் மீண்டு வருவாளா, வந்தாலும் நம்மோடு நம் பேச்சில் பேசுவாளா என்பதே அது. அவள் வருவாள் என்று யாம் உறுதி கூற இயலாது. எவரும் கூற இயலாது. மொழியை மறுத்து மகளைக் காத்துக்கொள்ளவும் இயலாது. கட்டி வைத்த அன்பு பற்றாகும். பற்று இருவருக்கும் துயர் தரும். அவள் படிக்கட்டும். அவள் முதன்முதலாகக் கற்ற சீனச் சொல்லைத் தாங்கள் கேட்டறியுங்கள். அதற்கு நேரான தமிழ்ச்சொல்லை அவளுக்குத் தாங்களே எடுத்துச் சொல்லுங்கள். தங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் அவ்வுரையாடலே, தமிழ் தேயாதிருக்க யாம் அறிந்த வழி.